கசப்பு மருந்தும் இனிப்பு நீரும்

கசப்பு உள்ளே போனால் இனிப்பு வெளியே ஓடிவிடும் என்பது நம் மக்கள் மனத்தில் வெகுகாலமாக ஊறிப்போன எண்ணம். இனிப்பு நீர் என்று டாக்டர் சொல்லிய மறுவாரமே வேலியில் படர்ந்து கிடக்கும் பத்தாவாலிக் கொடி அடுப்பேறிவிடுகிறது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எந்தப் பக்கம் போய் விசாரித்தாலும் இதற்கு ஒரு கைமுறை சொல்லுபவர் இருப்பார். ஒருவர் விரலளவு துண்டு என்பார். மற்றொருவர் சாண் அளவு என்பார். ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் என்பார். இன்னொருவர் இரவில் என்பார். எத்தனை நாள் குடிப்பது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே குரலில், "தினமும் குடிக்க வேண்டியதுதான்" என்பார்கள்.

இந்தத் "தினமும்" என்ற சொல்லைப் பற்றியதே இன்றைய பாடம்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 18 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளவர்களில் 100-க்கு 18.3 பேருக்கு இந்த வியாதி இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய மூவரில் ஒருவர் என்ற நிலை. ஆகவே நம்மில் எந்தக் குடும்பமும் இதற்கு அப்பாற்பட்டதல்ல. வியாதியோ பத்து நாள் காய்ச்சல் போன்றதன்று. இருபது முப்பது ஆண்டுகள் கூடவே இருப்பது. அப்படிப்பட்ட வியாதிக்குக் குடிக்கும் மருந்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். இது சர்க்கரையைக் குறைக்கிறதா என்பது முதற் கேள்வி. பல ஆண்டுகள் விடாமல் குடித்தால் கல்லீரலும் சிறுநீரகமும் தாங்குமா என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு விடை கிடைத்த மகிழ்ச்சியிலே இரண்டாவதை நாம் கேட்பதே இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் காலமும் செலவும் அதிகம்.

ஒரு செடியைப் பரிசோதிக்கத் தொடங்குபவர் முதலில் பார்ப்பது அதன் பெயரை. இது அற்பமான காரியமாகத் தோன்றலாம். நம் சித்த வைத்தியத்தில் சொல்லப்படும் சீந்தில் வேறு. மலாய் அன்பர்கள் பத்தாவாலி என்பது வேறு. இரண்டும் ஒரே குடும்பத்துச் சகோதரிகள். முந்தியது திநோஸ்போரா கார்டிஃபோலியா. பிந்தியது திநோஸ்போரா கிரிஸ்பா. இலை இரண்டிலும் வெற்றிலை போல இருதய வடிவந்தான். பத்தாவாலியின் முதிர்ந்த தண்டில் மட்டும் பரு முளைத்தாற்போல் எங்கும் முண்டும் முடிச்சுமாக இருக்கும். நம்மவர்களோ இரண்டையும் சீந்தில் என்றே அழைத்து, ஊரில் பாட்டி சொன்ன சீந்தில் பெருமையை இங்குள்ள கொடிக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

இந்தப் பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சமீப காலத்திலேயே சான்று உண்டு. 2020-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், தொற்றுநோய்ப் பயத்தால் இந்தியாவில் பலர் சீந்திலைத் தினமும் குடித்தார்கள். மும்பையில் அவ்வாறு குடித்த 6 பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதென்று மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. குடித்தது உண்மையான சீந்தில்தானா, அதைப் போலத் தோன்றும் கிரிஸ்பாவா என்பதைப் பார்க்க வேண்டாமா என்ற வாதமும் எழுந்தது. பின்னர் 2022-இல் இந்தியாவின் 13 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டு, சீந்திலாலும் இது நேரலாம் என்றன. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்கட்டும். கற்ற வைத்தியர்களே தண்டைப் பார்த்துத் தகராறு செய்கிற விஷயத்தில், பசார் மாலாமில் பொட்டலம் கட்டி விற்கும் தூள் இன்னதுதான் என்று நாம் எப்படி அறிவோம்? அதனால்தான் ஆராய்ச்சியாளர் செடியின் ஒரு கிளையை இலை, பூவோடு அழுத்தி உலர்த்தி, கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்திலுள்ள தாவரச் சேமிப்பில் எண்ணிட்டு வைத்துவிட்டு, அதன் பிறகே வேலையைத் தொடங்குகிறார்.

பெயருக்கு அடுத்தது செடி வளர்ந்த மண். இது நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய விஷயம். மலாயாவில் வாணிக முறையில் செம்பனை முதன்முதலாக 1917-இல் நடப்பட்டது பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். (தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டம் செம்பனைக்குத் தாயகமானது ஒரு வேடிக்கை.) அன்று தொட்டு இன்றுவரை வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நிரையோரத்துப் புல்லுக்கும் கொடிக்கும் எத்தனை சுற்று மருந்தடித்திருப்பார்கள் என்பது அந்தத் தொட்டியை முதுகில் சுமந்தவர்களுக்குத் தெரியும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற களைக்கொல்லிகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கூடத்தில் மூலிகையில் பூச்சிமருந்து, களைமருந்து எச்சமும், ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் ஆகிய உலோகங்களும் உண்டா என்று முதலில் அளந்து பார்ப்பார்கள். பனை நிரையோரத்தில் பறித்த கொடியை அளந்து பார்ப்பவர் யார்?

அடுத்தது சாறெடுக்கும் விதம். தண்ணீரில் காய்ச்சினால் ஒரு சத்து இறங்கும். சாராயத்தில் ஊறவைத்தால் வேறொன்று இறங்கும். உலர்ந்த தூளை விழுங்கினால் எல்லாமே உள்ளே போகும். பத்திரிகையில் "இந்த மூலிகை சர்க்கரையைக் குறைத்தது" என்று செய்தி வந்தால், எந்த வகைச் சாறு என்று பார்க்க வேண்டும். சாராயச் சாற்றில் கண்ட குணத்தை நம் வீட்டுக் கஷாயத்துக்கு எழுதிவைக்க முடியாது.

இவ்வளவும் முடிந்த பிறகே எலி வருகிறது. அலாக்ஸான் அல்லது ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை எலிக்கு ஊசி மூலம் ஏற்றினால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்கள் அழிந்து எலிக்குச் சர்க்கரை ஏறிவிடும். அத்தகைய எலிகளைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சாறும், ஒரு கூட்டத்துக்கு வெறும் நீரும், இன்னொரு கூட்டத்துக்கு அறியப்பட்ட மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவார்கள். இதிலே ஒரு கோணல் உண்டு. எலிக்கு வந்தது விஷத்தால் ஒரே நாளில் வந்த வியாதி. நமக்கு வருவது பல ஆண்டு உணவாலும், உடல் பருமனாலும், பரம்பரையாலும் மெல்ல வந்த வியாதி. எலியைக் காப்பாற்றிய சாறு மனிதனுக்கும் உதவும் என்று அதனாலேயே உறுதி கூற இயலாது.

நம் பத்தாவாலியின் கதையே இதற்கு நல்ல பாடம். மலேசியாவில் நோயாளிகள் இதைக் குடித்து வருகிறார்களே, உண்மை என்ன என்று அறிய நூர், ஆஷ்க்ராஃப்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பரிசோதனை நடத்தி 1989-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீர்ச்சாற்றைக் குடித்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது, இன்சுலின் ஏறியது. எலியின் கணையத் திட்டுகளிலும், மனிதக் கணையத் திட்டுகளிலுங்கூட அந்தச் சாறு இன்சுலினைச் சுரக்கச் செய்தது. பாட்டி வைத்தியத்துக்கு வெற்றி என்று கொட்டு முழக்கத்தக்க செய்திதான், முழக்கியவர்களும் உண்டு.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2004-இல், தாய்லாந்து மருத்துவர்கள் மனிதர்களிடம் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். மாத்திரைக்குச் சர்க்கரை அடங்காமலும், இன்சுலின் ஊசிக்கு இணங்காமலும் இருந்த நோயாளிகள் 40 பேர். அவர்களில் 20 பேருக்குப் பத்தாவாலித் தூள் அடைத்த குளிகை, வேளைக்கு 1 கிராம், நாளைக்கு மூன்று வேளை. மற்ற 20 பேருக்குத் தோற்றத்தில் அதே போன்ற வெற்றுக் குளிகை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும், மூன்று மாதச் சராசரி காட்டும் ஏ1சி அளவிலும், இன்சுலினிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. கொழுப்பு ஏறியிருந்தது. பத்தாவாலி உண்டவர்களில் இருவருக்குக் கல்லீரல் என்சைம்கள் வெகுவாக உயர்ந்தன. குளிகையை நிறுத்தியதும் பழைய நிலைக்கு இறங்கின.

20 பேரில் இருவர் என்பதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அவர்களுக்கு இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆகவே தெரிந்தது, நிறுத்தினார்கள், பிழைத்தார்கள். கல்லீரல் பொறுமைசாலி. கண் மஞ்சளாகும் வரை அது வாய் திறப்பதில்லை. வீட்டில் குடிப்பவருக்கு யார் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்?

வெற்றுக் குளிகை எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. மருந்து தொடங்குகிற அன்றே மனிதன் தேத்தண்ணீரில் சீனியைக் குறைக்கிறான், மாலையில் நடக்கிறான், இரவுச் சோற்றை அளந்து போடச் சொல்கிறான். சர்க்கரை இறங்குகிறது. புகழ் கஷாயத்துக்குப் போகிறது. வெற்றுக் குளிகை உண்டவனும் இதையெல்லாம் செய்வான். அவனோடு ஒப்பிட்டால்தான் கஷாயத்தின் பங்கு எவ்வளவு என்று புலப்படும். நம் தோட்டங்களில் "அவருக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது" என்று சொல்லப்படும் அனுபவங்களை நான் பொய் என்று சொல்லவில்லை. அவற்றில் மூலிகைக்கு எவ்வளவு, சீனியை விட்டதற்கு எவ்வளவு என்பதைப் பிரிக்க வழியில்லை என்றுதான் சொல்கிறேன்.

நாட்டு மருந்துகளைக் குறை கூறுவதற்கென்றே இதை எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. சென்னையில் சண்முகசுந்தரம், கிஸர் அகமது முதலியோர் சிறுகுறிஞ்சான் இலைச் சாற்றை 22 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம், 18 முதல் 20 மாதங்கள் கொடுத்து, 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தவில்லை. அதோடு கூடவே கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது, பலருக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது, 5 பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. மூலிகை ஆராய்ச்சியில் இவ்வளவு நீண்ட காலம் பொறுமையாகக் கவனித்தவர்கள் குறைவு. ஆயினும் 22 பேர் என்பது சிறு கூட்டம். வெற்றுக் குளிகை ஒப்பீடும் அதில் இல்லை. ஜப்பானில் 2004-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், சிறுகுறிஞ்சான் சத்தை 52 வாரம் உண்ட எலிகளுக்குத் தீங்கு ஒன்றும் காணவில்லை. அப்படியிருந்தும் 2010-இல் இஸ்ரேலில், சர்க்கரைக்காக அதை உட்கொண்ட ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக மருத்துவர்கள் எழுதினார்கள். எலிக் கூட்டம் காட்டாததை ஒரு மனிதர் காட்டிவிடலாம்.

பாகற்காய்க்கு வருவோம். சிலாங்கூரிலேயே, செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி 2012-இல் ஆய்ந்தார்கள். தகுதியாகத் தேறியவை 4 சோதனைகள். நோயாளிகள் 479 பேர். பாகல் மருந்தாகப் பயன்படும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே முடிவு. குழம்பு வைத்துச் சாப்பிடுவதற்கு அது தடையில்லை! வேங்கைமரக் கட்டை விஷயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் வெளியிட்ட சோதனையில் 97 பேரில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. காலம் 12 வாரம்; ஒப்பிட வேறு கூட்டம் இல்லை.

12 வாரத்தில் தெரியாத தீங்கு பின்னால் வருமா என்றால், வரும். அதற்குச் சர்க்கரை மருந்தை விட்டுச் சற்று வெளியே போய், பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் கதையைப் பார்க்க வேண்டும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உடல் இளைப்பதற்கென்று அங்கு ஒரு நிலையத்தில் சீன மூலிகை சேர்ந்த குளிகைகளைப் பெண்கள் பலர் உண்டார்கள். அவற்றில் ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒற்றுமையால் அரிஸ்டலோக்கியா என்னும் வேறொன்று கலந்துவிட்டது. 1993-இல் சிறுநீரகம் கெட்டவர்களின் முதற் செய்தி வெளிவந்தது. பின்னர் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. பலருடைய சிறுநீரகம் மருந்தை நிறுத்திய பிறகும் சுருங்கிக்கொண்டே போயிற்று. 2000-இல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் திடுக்கிடச் செய்தது: செயலிழந்த சிறுநீரகத்தை எடுத்துவிட்ட 39 பேரில் 18 பேருக்கு அந்தப் பாதையில் புற்றுநோய் இருந்தது. இதே அரிஸ்டலோக்கியா குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் நாட்டு மருந்துக் கடைகள் அறிந்த ஆடுதின்னாப்பாளையும், ஈசுவரமூலியும். எவ்வளவு பழைய மருந்து என்பதும் இதற்குப் பாதுகாப்பு அல்ல. குடித்த வாரமே வாந்தி எடுத்தால் அந்த விஷத்தைப் பாட்டன்மாரே கண்டுபிடித்து ஒதுக்கியிருப்பார்கள். பத்தாண்டு கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால், அதற்கும் அந்த வேருக்கும் முடிச்சுப் போட அவர்களிடம் என்ன கருவி இருந்தது?

நீண்டகாலச் சோதனையின் பயன் இதுவே. முதலில் ஒரே முறை பெரிய அளவு கொடுத்து எலியை 14 நாள் கவனிப்பார்கள். பிறகு 90 நாள் தினமும் கொடுப்பார்கள். அதன் பிறகு ஓராண்டு. நிறை, உணவு, இரத்தம் எல்லாம் பார்த்து, கடைசியில் கல்லீரல், சிறுநீரகம், இருதயம் ஆகியவற்றை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சினை எலிக்கும் குட்டிக்கும் தனிச் சோதனை உண்டு. பின்னர்தான் மனிதர், அதிலும் சிறு கூட்டம், பெருங் கூட்டம் என்று படிப்படியாக.

கம்பெனி மாத்திரைகளுக்கும் இந்தச் சட்டம் தளர்வதில்லை. டிராக்ளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை எல்லாச் சோதனையும் கடந்து 1997-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கல்லீரல் செயலிழந்து மரணங்கள் நேரவே 2000-இல் திரும்பப் பெறப்பட்டது. மறுபக்கம், கிளினிக் கெசிஹாத்தானில் நமக்குக் கொடுக்கிறார்களே மெட்ஃபார்மின், அதன் பூர்வீகம் ஒரு செடி என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஐரோப்பாவில் கலேகா என்னும் செடி. ஆடு மேய்ந்தால் ஆட்டுக்கு ஆபத்து. அதிலிருந்து கிடைத்த கலேஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது; ஆனால் மனிதருக்குக் கொடுக்க முடியாத விஷம். அதன் அமைப்பைப் பின்பற்றி மாற்றிச் செய்த பொருள்களில் ஒன்றான மெட்ஃபார்மினைப் பாரிஸில் டாக்டர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து 1957-இல் எழுதினார். அதன் சகோதரனான ஃபென்ஃபார்மின் இரத்தத்தில் அமிலம் ஏற்றி உயிர் வாங்கியதால் 1970-களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. மெட்ஃபார்மினோ இங்கிலாந்தில் பல ஆண்டுகள் நடந்து 1998-இல் வெளியான பெரும் ஆராய்ச்சியில், பருமனான நோயாளிகளுக்கு மாரடைப்பையும் மரணத்தையும் குறைத்ததாகத் தேறியது. செடியில் தொடங்கி, விஷத்தைக் கழித்து, நாற்பது ஆண்டு சோதித்த மருந்து அது. அதை அலமாரியில் வைத்துவிட்டு, சோதிக்காத கொடியைக் காய்ச்சுகிறோம்.

இனிச் சந்தைச் சரக்கு. மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 1956-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. இனிப்பு நீர் உட்பட 20 வியாதிகளைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய அது தடை விதிக்கிறது. ஆகவே "சர்க்கரையை வேரோடு அறுக்கும்" என்று ஒலிபெருக்கியில் கூவுபவர் அப்போதே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் எண் இருக்கும். அந்த எண் உலோகம், கிருமி, கலப்படம் பார்த்ததற்கு அடையாளம். வியாதியைத் தீர்க்கும் என்பதற்கு அத்தாட்சி அன்று. எண்ணே இல்லாத பொட்டலத்தில் இன்னொரு அபாயமும் ஒளிந்திருக்கலாம். 2008-இல் சிங்கப்பூரில், ஆண்மை மருந்து என்றும் மூலிகை என்றும் விற்கப்பட்டவற்றில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தார்கள். சர்க்கரை வியாதியே இல்லாத ஏறத்தாழ 150 பேர் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 4 பேர் மாண்டார்கள். ஒரு தூள் இரண்டே நாளில் சர்க்கரையை மளமளவென்று இறக்கினால், நமக்கு முதலில் வரவேண்டியது சந்தேகம்.

இவ்வளவுக்குப் பிறகும் குடித்தே தீருவேன் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் சண்டையிட்டுப் பயனில்லை. டாக்டரின் மாத்திரையை நிறுத்தாமலும், குடிப்பதை டாக்டரிடம் மறைக்காமலும் இருக்கட்டும். திட்டுவார் என்று மறைப்பதுதான் பெருந்தொல்லை. தொடங்கும் முன்பும், ஒன்றிரண்டு மாதம் சென்றும் கல்லீரல் என்சைமும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும். பசி மந்தம், ஓயாத களைப்பு, சிறுநீர் கறுத்துப் போதல், கண் மஞ்சள், உடம்பு அரிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களும் தொடவே வேண்டாம்.

நோன்பு மாதத்தில் இதற்கு இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், ஸஹருக்கு எழுந்து அதோடு ஒரு கோப்பைக் கஷாயமும் குடித்துவிட்டு, பகலெல்லாம் வெயிலில் குலை வெட்டினால், அஸருக்கு முன்பே சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடக்கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால் உடனே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அதனால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் கூறியிருக்கின்றனர். அளவு 4-க்குக் கீழே போயிருந்தால் நோன்பைத் திறந்துவிட வேண்டியதுதான். உயிருக்கு ஆபத்து நேரும்போது மார்க்கம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. மாத்திரையின் வேளையையும் அளவையும் நோன்புக்கு ஏற்ப மாற்றித் தரும்படி, ரமளானுக்கு ஒரு மாதம் முன்னதாகவே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம். அப்படிப் போகும்போது, வீட்டில் காய்ச்சும் கொடியில் தண்டும் இலையுமாக ஒரு துண்டையும், கடையில் வாங்கிய தூளானால் அதன் உறையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "ஏதோ கஷாயம்" என்று வாயால் சொல்வதை விட, மேசைமேல் எடுத்து வைப்பது டாக்டருக்கு அதிகம் விளங்கும்.